கல்லூரிப் பொருட்காட்சிக்குப் போய் வந்தோம்

கரக்பூரில் குடியிருக்கும் நம்மவர்க்குக் கல்கத்தாப் பிரயாணம் ஒரு பிரயாணமே அன்று. 2001-ஆம் ஆண்டில் அந்நகரின் பெயர் கொல்கத்தா என்று மாறிவிட்டபோதிலும், நம் வீடுகளில் அது இன்றும் கல்கத்தாதான். வைத்தியத்திற்கும், காளி கோயிலுக்கும், ஊரிலிருந்து வந்த விருந்தினருக்கு ஹௌராப் பாலத்தைக் காட்டுவதற்கும் போய் வருகிறோம். ஆனால் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அக்காள் மகளை அழைத்துக்கொண்டு நான் போன காரியம் வேறு. பல ஊர்க் கல்லூரிகள் ஒரே கொட்டகையில் வரிசையாகக் கடை விரித்து மாணவர்களை வரவேற்கும் கல்லூரிப் பொருட்காட்சி ஒன்றைப் பார்க்கப் போனோம். இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய பிள்ளைகள் நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இருப்பதால், கண்டதையும் கேட்டதையும் எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் பணித்தார். எழுதுகிறேன்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிட வேண்டும். என் பாட்டனார் பெங்கால் நாக்பூர் ரயில்வே காலத்தில் குடியாத்தத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து இங்குள்ள பட்டறைக்கு வேலைக்கு வந்தவர். தந்தையார் பணியில் இருக்கும்போதே காலமானபடியால், பத்தாம் வகுப்புத் தேறியிருந்த எனக்குப் பதினெட்டு வயது நிரம்பியதும் கலாசி வேலை கிடைத்தது. பிறகு இலாகாப் பரீட்சை எழுதிக் குமாஸ்தா ஆனேன். கல்லூரி என்ற கட்டடத்திற்குள் மாணவனாக நான் நுழைந்ததில்லை. இந்நாட்டின் முதல் ஐ.ஐ.டி. 1951-இல் நம் ஊரில்தான், பழைய ஹிஜ்லிச் சிறைமுகாம்க் கட்டடத்தில் தொடங்கிற்று. அதன் வாசல் வழியே ஆயிரம் தடவை சைக்கிளில் போயிருக்கிறேன். உள்ளே போவதற்கு யாரை, என்ன கேட்பது என்று மட்டும் நம் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

தெரியாமையால் வந்த நஷ்டத்தையும் மறைக்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அக்காளின் மூத்த பிள்ளையை இதேபோன்ற வேறொரு பொருட்காட்சிக்கு நான்தான் அழைத்துப் போனேன். ஒரு கடையில் பல்கலைக்கழகத்தின் பெயர் ஆள் உயர எழுத்தில் இருந்தது. கழுத்தில் டை கட்டிய கனவான் எழுந்து நின்று என்னை "ஸார்" என்றார். காரியாலயத்தில் என்னை யாரும் ஸார் என்று அழைப்பதில்லை. அதில் மயங்கினேனோ என்னவோ, இருபதாயிரம் ரூபாய் முன்பணம் கட்டி, பையனின் மதிப்பெண் பட்டியலின் மூலப் பிரதியையும் அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன். அந்தப் பணம் அக்காளின் சங்கிலியை அடகு வைத்து வாங்கியது. பிறகு விசாரித்தால், பெயர் பல்கலைக்கழகத்தினுடையது. வகுப்பு நடப்பது வேறோர் ஊரில், வாடகைக் கட்டடத்தில். பையன் சேரவில்லை. பணம் திரும்பவில்லை. மதிப்பெண் பட்டியலை மீட்க மூன்று தடவை அலைந்தேன். மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்த உடனே திருப்பித் தந்துவிட வேண்டும், கல்லூரி அவற்றை வைத்துக்கொள்ளக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-ஆம் ஆண்டிலேயே அறிவித்திருக்கிறது என்பது எனக்கு அப்புறந்தான் தெரிந்தது. பையன் இப்போது கோல் பஜாரில் அத்தானின் சிற்றுண்டிக் கடையில் கல்லாவில் இருக்கிறான். அவன் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் எனக்குப் பெரிய பாரம்.

ஆகவே இம்முறை அக்காள், "தம்பி, நீயே கூட்டிக்கொண்டு போ" என்று சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. "இன்னொருவரை அனுப்பேன், அக்கா" என்றேன். "ஒரு தடவை விழுந்தவனுக்குத்தான் பள்ளம் தெரியும்" என்றாள்.

காலை ஆறு மணிக்கு முன்பே லோக்கல் வண்டியில் ஏறினோம். நம் ஸ்டேஷன் நடைமேடை 1,072 மீட்டர் நீளம். ஒரு காலத்தில் உலகத்திலேயே நீளமானது என்று பாடப் புத்தகத்தில் படித்தோம். 2013-இல் கோரக்பூரும், 2023-இல் ஹூப்ளியும் நம்மை முந்திவிட்டன. இருப்பினும் நேரங்கழித்து ஓடிவருபவனுக்கு அது இன்றும் உலகத்திலேயே நீளமான நடைமேடைதான். ஞாயிறாதலால் உட்கார இடம் கிடைத்தது. பாலிசக், பான்ஸ்குரா எல்லாம் கடந்து, கோலாகாட்டில் ரூபநாராயண் நதியின் மேல் வண்டி சென்றபோது நான் என் நோட்டுப் புத்தகத்தை விரித்தேன். அதில் முதல் பக்கத்தில் "கணிப்பொறிப் படிப்பு" என்று தலைப்பிட்டு, காரியாலய நண்பர்கள் சொன்ன கல்லூரிகளின் பெயர்களை எழுதியிருந்தேன்.

அவள் அதை வாங்கிப் பார்த்தாள். பிறகு அடுத்த பக்கத்தைப் புரட்டி, பென்சிலால் "நர்ஸிங்" என்று எழுதினாள்.

"மாமா, இதைத்தான் நான் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அம்மாவிடம் சொன்னேன். உங்களிடம் சொல்லப் பயம்."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது நினைவுக்கு வந்தது. குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது எங்கள் பெட்டியில் மிதுனாப்பூர்ப் பக்கத்து வங்காளிக் கிழவரும் அவர் மனைவியும் இருந்தனர். காட்பாடியில் இறங்கி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். அந்தப் பாதையில் ஓடும் வண்டிகளில் இப்படிப்பட்டவர்கள் எப்போதும் இருப்பார்கள். முன்பதிவுச் சாளரத்தில் உட்கார்ந்த எந்தக் குமாஸ்தாவும், வங்காளத்து நோயாளிகளுக்குக் காட்பாடி எவ்வளவு பழகிய பெயர் என்பதைச் சொல்லுவான். இவள் தமிழும் வங்காளியும் தண்ணீராகப் பேசுகிறவள். அந்தத் தம்பதிக்குத் துணையாக இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மொழிபெயர்த்துச் சொன்னாள். 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய இடம் அது. 1946-இலேயே அங்கே செவிலியர் பட்டப் படிப்பு வந்துவிட்டது. இதையெல்லாம் அங்கிருந்த ஒரு மூத்த செவிலியர் அவளிடம் சொன்னாராம். அன்றிலிருந்து அவள் மனத்தில் இருந்ததை, கணிப்பொறி கணிப்பொறி என்று நான்தான் மூடி வைத்திருக்கிறேன்.

உடனே சம்மதித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். தியூல்டி வரையில் வாதாடினேன். இரவுப் பணி என்றேன், சம்பளம் என்றேன். "கோவிட் காலத்தில் உங்களுக்கு ரயில்வே ஆஸ்பத்திரியில் யார் ஊசி போட்டார்கள்?" என்று கேட்டாள். பாக்னான் வந்தபோது இருவரும் சேர்ந்து கேள்விகளை எழுதத் தொடங்கியிருந்தோம்.

பொருட்காட்சிக்குப் போகிற குடும்பங்களுக்கு நான் சொல்லக்கூடியதில் முக்கியமானது இந்தப் பெட்டிக்குள் நடந்ததுதான். எங்கள் விசாரணைச் சாளரத்தில் இரண்டு விதமான மனிதர்கள் வருவார்கள். ஒருவர், "மெட்ராஸ் வண்டி எப்போது?" என்பார். அவருக்குக் கிடைக்கும் பதிலும் அதே லட்சணத்தில் இருக்கும். மற்றவர் வண்டி எண், நாள், வகுப்பு எல்லாம் சொல்லிக் கேட்பார். குமாஸ்தா நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்லியே தீரவேண்டும். சென்ற தடவை நான், "உங்கள் காலேஜ் நல்ல காலேஜா?" என்று கேட்டேன். நல்லதில்லை என்று யார் சொல்லப் போகிறார்கள்?

எந்தப் படிப்பு என்பது பொருட்காட்சி வாசலில் தீர்மானிக்கிற விஷயம் அன்று. அதை வீட்டிலோ, எங்களைப் போல் வண்டியிலோ முடித்துக்கொண்டு போகவேண்டும். அந்தப் படிப்புக்கு நாட்டில் எந்தச் சபை அங்கீகாரம் தருகிறது என்பதையும் தெரிந்துகொண்டு போகவேண்டும். செவிலியர் படிப்புக்கு இந்திய நர்ஸிங் கவுன்ஸில், அதனோடு அந்தந்த மாநிலக் கவுன்ஸில். மருந்தாளுநர் படிப்புக்கு பார்மஸி கவுன்ஸில், சட்டத்திற்கு பார் கவுன்ஸில், பொறியியலுக்கு ஏ.ஐ.ஸி.டி.இ. செவிலியர் பட்டப் படிப்பு நான்கு ஆண்டு, எட்டுப் பருவங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகம், ரசாயனம், உயிரியல், ஆங்கிலம் வேண்டும். இவையெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தன. எனக்குத்தான் புதிது.

ஹௌராவில் இறங்கியதும், பூமிக்கடியில் ஓடும் மெட்ரோவில் போகலாம் என்றாள். திரும்பும்போது அதில் வரலாம், போகும்போது ஸ்டீமரில் போவோம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஸ்டேஷனுக்கு எதிரே இறங்குதுறை. ஹுக்ளி நதி அன்று தேநீர் நிறத்தில் அசையாமல் கிடந்தது. பின்னால் 1943-இல் திறந்த பாலம் ஆற்றின் நடுவில் ஒரு தூணும் இல்லாமல் நிற்கிறது. பாபு காட்டில் இறங்கினோம். ராணி ராஸ்மணி அம்மையாரின் கணவர் செலவில் 1830-இல் கட்டிய துறை அது. பெரிய தூண்களுக்கு இடையில் நாவிதர்களும், எண்ணெய் தேய்ப்பவர்களும், பிண்டம் போடும் புரோகிதர்களும் அவரவர் காரியத்தில் இருந்தனர். சக்கர ரயில்வேயின் தண்டவாளத்தைத் தாண்டி, ஈடன் தோட்டத்தின் பக்கமாக நடந்தால் நேதாஜி உள்ளரங்கு. 1975-இல் உலக மேஜைப் பந்துப் போட்டிக்காகக் கட்டியது. அதற்குள்தான் பொருட்காட்சி.

வாசலிலேயே முதல் பொறி. பெயர், பிறந்த தேதி, தொலைபேசி எண் எல்லாம் எழுதிக் கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள். அந்த எண் உள்ளே இருக்கிற கடைகளுக்கெல்லாம் போகிறது. நான் என் எண்ணை எழுதினேன். பிள்ளையின் எண்ணை எழுத வேண்டாம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையைக் காலை முதல் இரவு வரை அழைத்துக்கொண்டே இருப்பார்கள். அவர்களுடைய தொல்லை எனக்கு இன்னும் ஓயவில்லை.

உள்ளே திருவிழாதான். ஒலிபெருக்கி, வண்ண விளக்குகள், குலுக்கல் பரிசு, இலவசப் பேனா, துணிப்பை. பஞ்சாபிலிருந்து, பெங்களூரிலிருந்து, புவனேஸ்வரத்திலிருந்து, நம் சென்னையிலிருந்தும்கூடக் கடைகள். கடை திறக்கிற பத்து மணிக்கே போய்விட்டது நல்லதாயிற்று. பன்னிரண்டு மணிக்கு மேல் கூட்டம் பிதுங்கியது. கேள்வி கேட்பவர் குரல் கேட்பவருக்கே கேட்கவில்லை.

நாங்கள் முதலில் ஒன்றும் பேசாமல் ஒரு சுற்று வந்தோம். செவிலியர் படிப்பு உள்ள கடைகள் ஏழு. ஒவ்வொன்றிலும் அதே கேள்விகளை, அதே வரிசையில் கேட்பது என்று பேசி வைத்துக்கொண்டோம். ஏழு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் எந்தப் பதில் நழுவுகிறது என்பது தானே தெரிந்துவிடும். சரக்குக் கணக்குப் பார்த்த பழக்கம் எனக்கு இதற்கு உதவிற்று.

முதற் கடையில், கட்டணம் எண்பத்தையாயிரம் என்றார்கள். எழுதிக்கொண்டு நகரப் போனேன். அவள், "ஆண்டுக்கா, பருவத்திற்கா?" என்று கேட்டாள். பருவத்திற்காம். அப்படியானால் எட்டுப் பருவத்திற்கு 6,80,000. நான்கு ஆண்டுக்கு 3,40,000 என்று நான் மனத்தில் போட்டிருந்த கணக்கு அங்கேயே இரட்டித்துவிட்டது. விடுதி, சாப்பாடு, சீருடை, பரீட்சைக் கட்டணம், ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ், எல்லாம் தனி. "நான்கு ஆண்டுக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்திட்டுத் தாருங்கள்" என்று கேட்டோம். ஏழு கடைகளில் மூன்றில்தான் எழுதித் தந்தார்கள். மற்ற நான்கையும் அப்போதே அடித்துவிட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இன்னொரு கடையில் "75 சதவிகிதம் உபகாரச் சம்பளம்" என்று பெரிய பலகை. கேட்டால், அது போதனைக் கட்டணத்திற்கு மட்டும். அதிலும் முதல் ஆண்டுக்கு மட்டும். அதன்பின் குறிப்பிட்ட மதிப்பெண் வாங்கினால் தொடரும். பலகையில் இருக்கும் சதவிகிதம் எதன்மேல், எத்தனை ஆண்டு, எந்த நிபந்தனையில் என்று மூன்றும் கேட்டால்தான் அது எவ்வளவு ரூபாய் என்று தெரியும்.

செவிலியர் படிப்பில் கேட்கவேண்டிய பெரிய கேள்வி ஆஸ்பத்திரியைப் பற்றியது. கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கைகளாவது உள்ள தாய் மருத்துவமனை வேண்டும் என்பது கவுன்ஸிலின் விதி. நோயாளி இல்லாத இடத்தில் செவிலியர் எதைக் கற்பது? "எத்தனை படுக்கை, இன்று எத்தனை நோயாளிகள், விடுதியிலிருந்து எவ்வளவு தூரம்?" என்று அவள் கேட்டபோது, ஒரு கடையில் ஆலோசகர் விளக்கப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். புத்தகத்தில் நீச்சல் குளத்தின் படம் இருந்தது. ஆஸ்பத்திரியின் படம் இல்லை.

இவ்விடத்தில் நான் செய்த பிழை ஒன்று. கேள்விகளை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். ஆலோசகர்களும் என்னைப் பார்த்தே பதில் சொன்னார்கள். படிக்கப் போகிறவள் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலாவது கடைக்குப் பிறகு அவள், "மாமா, நீங்கள் போய் டீ குடித்துவிட்டு வாருங்கள்" என்றாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆயினும் போனேன். மண் குவளையில் டீ வாங்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

அவள் ஆலோசகரிடம் போகவே இல்லை. மேஜையின் கடைசியில், கல்லூரிப் புடவை உடுத்தி, துண்டுத்தாள் விநியோகம் செய்துகொண்டிருந்த இரண்டு பெண்களிடம் போனாள். அவர்கள் அந்தக் கல்லூரியின் மூன்றாம் ஆண்டு மாணவிகள். ஒரு நாள் வேலைக்காக அழைத்து வந்திருக்கிறார்கள். மூவரும் வங்காளியில் பேசிச் சிரித்தார்கள். அரை மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது அவள் நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கம் நிரம்பியிருந்தது. ஆஸ்பத்திரி 22 கிலோமீட்டர் தூரம். விடியற்காலை ஐந்தரைக்குப் பஸ். வருஷா வருஷம் கட்டணம் ஏறுகிறது. சோற்றில் குறை உண்டு. ஆனால் பிரசவ வார்டில் வேலை அதிகம், ஆகையால் கற்பது அதிகம். உடற்கூறு சொல்லித்தரும் ஆசிரியை கண்டிப்பானவர், இரவு பத்து மணிக்குச் சந்தேகம் கேட்டாலும் சொல்லுவார். வெளியூர்ப் பெண்கள் பலர் இருக்கிறார்கள், பயமில்லை. குறையும் நிறையும் கலந்த இப்படிப்பட்ட செய்தி டை கட்டியவர்களிடம் கிடைக்காது. நான் கேட்டிருந்தால் அந்தப் பெண்களும் சொல்லியிருக்கமாட்டார்கள். மீசை வைத்த ஒரு மாமாவிடம் விடுதிச் சோற்றைப் பற்றி யார் பேசுவார்கள்?

பிற்பகல் மூன்று மணிக்கு ஆறாவது கடை. அங்கேதான் நான் மறுபடி விழப் பார்த்தேன். "இன்று மாலைக்குள் பதினைந்தாயிரம் கட்டினால் இடம் உறுதி. நாளை முதல் கட்டணம் ஏறுகிறது. மூன்று இடந்தான் பாக்கி" என்றார் ஒருவர். நல்ல ஆஸ்பத்திரி உள்ள கல்லூரி. மாணவிகளும் நல்லபடி சொல்லியிருந்தார்கள். மூன்று இடந்தான் என்றதும் எனக்குக் காத்திருப்போர் பட்டியல் கண்முன் வந்துவிட்டது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. அவள் என் முழங்கையைத் தொட்டாள்.

"நாளை கட்டணம் ஏறும் என்பதையும், சேராவிட்டால் பணம் திரும்ப வரும் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள், மாமா."

கேட்டேன். அந்தக் கனவான் சிரித்து, "அவசரமில்லை ஸார், அடுத்த வாரங்கூட வரலாம்" என்றார். பதினைந்தாயிரம் ரூபாய் என் பையிலேயே இருந்தது. வெளியே வந்து படிக்கட்டில் சிறிது நேரம் உட்கார்ந்தேன். அவள் ஒன்றும் பேசாமல் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கொடுத்தாள். பணமும் மூலச் சான்றிதழும் பொருட்காட்சிக்குக் கொண்டு போகாமல் இருப்பதே உத்தமம். அவள் நகல்கள் மட்டும் எடுத்து வந்திருந்தாள். பணத்தை எடுத்து வந்த புத்திசாலி நான்.

மற்றப் படிப்புகளுக்குப் போகிறவர்கள் வேலைவாய்ப்புப் பலகைகளைக் கண்டு மயங்குவார்கள். ஒரே ஒரு மாணவனுக்குக் கிடைத்த உச்சச் சம்பளத்தைப் படத்தோடு போட்டிருப்பார்கள். நடுத்தர மாணவனுக்கு என்ன கிடைத்தது, எத்தனை பேரில் எத்தனை பேருக்கு வேலை என்று கேட்கவேண்டும். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எப். தரவரிசை 2016 முதல் வெளிவருகிறது. அதில் பங்குகொள்ளும் கல்லூரிகள் தாங்கள் கொடுத்த கணக்கில் இந்த நடுச் சம்பளத்தைத் தனியே காட்டுகின்றன. பொருட்காட்சியில் சொன்ன எண்ணையும் அந்தக் கணக்கையும் ஒத்துப் பார்க்கலாம். நாக் குழுவின் தரம் போட்டிருந்தால் எந்த ஆண்டு வரை செல்லும் என்றும் கேட்கலாம். காலாவதியான பாஸை ஜேபியில் வைத்துக்கொண்டு பிரயாணம் செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அன்று எனக்கு அதிகமாக உறைத்தது, அங்கே வராத கல்லூரிகளைப் பற்றிய நினைவு. செவிலியர் படிப்புக்குப் பேர்பெற்ற அரசு ஆஸ்பத்திரிகளின் கல்லூரி ஒன்றுக்கேனும் அங்கே கடை இல்லை. கல்யாணியில் உள்ள எய்ம்ஸுக்குக் கடை இல்லை. வேலூருக்கும் இல்லை. மாணவர்கள் தாமே தேடி வருகிறபோது அவர்கள் எதற்குக் கடை போட வேண்டும்? வங்காள அரசின் செவிலியர் இடங்களுக்கு ஜென்பாஸ் என்ற நுழைவுத் தேர்வு. எய்ம்ஸுக்குத் தனித் தேர்வு. வேலூருக்குத் தனி விண்ணப்பம். இதே கதைதான் மற்றப் படிப்புகளிலும். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். கல்கத்தாவிலேயே, 1931-இல் மஹலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம் இருக்கிறது. பட்டப் படிப்புக்குப் போதனைக் கட்டணம் வாங்காமல், உபகாரச் சம்பளமும் தருகிற இடம். அதற்கும் கடை இல்லை. இம்மாநில அரசுக் கல்லூரிகளின் பட்டப் படிப்புச் சேர்க்கைக்கு 2024 முதல் ஒரே பொதுத் தளம் வந்துவிட்டது. அதைப் பற்றியும் அந்தக் கொட்டகையில் ஒருவர் வாய் திறக்கவில்லை. பொருட்காட்சியையே உலகம் என்று எண்ணிவிட்டால், நமக்குக் கட்டுப்படியாகும் இடங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

தமிழ்நாட்டில் படிக்க வைக்க எண்ணுவோர்க்கு ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் எட்டு முதல் பன்னிரண்டு வரை இங்கே படித்தவர்கள். அங்குள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குப் போனால், பூர்விகம் தமிழ்நாடுதான் என்று காட்டும் பிறப்பிடச் சான்றிதழ் கேட்பார்கள். சாதிச் சான்றிதழும் அங்குள்ள அதிகாரி கொடுத்ததாக இருக்கவேண்டும். மூன்று தலைமுறையாக வெளியே இருக்கிறவர்களுக்கு இது ஒரு வாரத்தில் கிடைக்கிற தாள் அன்று. சென்னைக் கல்லூரியின் கடையில் இருந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர், "வீட்டில் பழைய பத்திரம், ரேஷன் அட்டை ஏதாவது இருந்தால் இப்போதே தேடுங்கள் தம்பி" என்று சொன்னார். தமது கல்லூரியை விற்பதை விட்டுவிட்டு அந்த மனிதர் எங்களுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினார்.

நாலரைக்குப் புறப்பட்டு, எஸ்பிளனேட் வரை நடந்து மெட்ரோவில் ஏறினோம். 2024 மார்ச்சில் திறந்த பாதை. காலையில் ஸ்டீமரில் கடந்த அதே ஆற்றை இப்போது அதன் அடியில், ஒரு நிமிடத்திற்குள் கடந்துவிட்டோம். பெட்டியில் பாதிப் பேர் அந்த ஒரு நிமிடத்திற்காகச் சாளரத்தில் முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வெறும் இருட்டுத்தான் தெரிந்தது. ஹௌராவில் நாங்கள் சுமந்து வந்த விளக்கப் புத்தகங்களை எல்லாம் ஒரு பெஞ்சில் பரப்பினாள். எழுத்தில் கணக்குக் கொடுத்த மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டாள். மற்றதை நடைமேடையில் பொரி விற்கிறவனிடம் கொடுத்தாள். அவன் மகிழ்ந்து, அதிலேயே ஒரு பக்கத்தைக் கிழித்துக் கூம்பாகச் சுருட்டி எங்களுக்குப் பொரி போட்டுக் கொடுத்தான். நீச்சல் குளத்தின் படம் அது.

அந்த வாரத்திலேயே, மூன்று பெயர்களையும் நர்ஸிங் கவுன்ஸிலின் அங்கீகாரப் பட்டியலில் தேடினோம். ஒன்று அகப்படவில்லை. மீதி இரண்டையும் நேரில் பார்க்க ஒரு வேலைநாளில், முன்னறிவிப்பின்றிப் போனோம். ஒன்றில் ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகளின் கூட்டம். வாசற்காரன் எங்களை உள்ளே விட மறுத்து, பிறகு விட்டான். மற்றதில் வாசற்காரன் உடனே விட்டான். வார்டில் படுக்கைகள் இருந்தன, படுத்திருப்பவர்கள்தான் இல்லை. இப்போது அவள் ஜென்பாஸுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். குடியாத்தத்துப் பெரியப்பாவுக்குப் பத்திரம் தேடச் சொல்லி எழுதியிருக்கிறேன். தேர்வில் இடம் கிடைக்காவிட்டால் அந்த முதற் கல்லூரி. அதற்கு வங்கிக் கடன் வேண்டியிருக்கும். அக்காளிடம் மொத்தக் கணக்கையும் ஒரே தாளில் எழுதிக் காட்டினேன். மடித்துச் சுவாமி படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

தொலைபேசி அழைப்புகள் மட்டும் நின்றபாடில்லை. நேற்றுக் காலை அக்காள் வீட்டில் இருந்தபோது ஒன்று வந்தது. சிறப்புச் சலுகை, கடைசி இரண்டு இடங்கள். நான் பேச வாயெடுத்ததும் அவள் என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கிக்கொண்டு, "உங்கள் தாய் மருத்துவமனையில் இன்றைக்கு எத்தனை படுக்கையில் நோயாளிகள் இருக்கிறார்கள்?" என்று கேட்டாள். எதிர்முனையில் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு வைத்துவிட்டார்கள். கல்லாவில் வைக்கச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த அவள் அண்ணன் தலையை நிமிர்த்திப் பார்த்துச் சிரித்தான்.